பெரிய வியாழனன்று தூக்கிய கைகள்

பாசமுள்ள லில்லி அக்காவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய காலை பாசஞ்சர் இனி உங்கள் ஊர் ஹால்ட்டில் நிற்காது. கால அட்டவணையைப் பார்க்கிற ரயில்வே அதிகாரியிடம் நேற்று நானே போனில் கேட்டேன். "நிறுத்தத்தை எடுத்தாச்சு மேடம். தற்காலிகம்லாம் இல்ல" என்றார். வழக்கம்போல மறுபடியும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பதில் தெரிந்ததுதான், இருந்தாலும் யார் கேட்டு எடுத்தீர்கள் என்றேன். அவர் மறைக்கவில்லை. "உங்க பயணிகள் சங்கம்தானே மேடம் எழுதிக் குடுத்துச்சு?"

நீங்கள் ஆரம்பித்த சங்கம், அக்கா. இத்தனை வருஷம் பேப்பருக்குச் செய்தி சேகரித்தவள், அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தீர்கள். நான் மயிலாடுதுறையில் ஏறுவேன். குத்தாலம் தாண்டியதும் வயலுக்கு நடுவில் ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதுதான் உங்கள் ஹால்ட். டிபன் பாக்ஸை முதலில் உள்ளே நீட்டிவிட்டு அப்புறம் நீங்கள் ஏறுவீர்கள். லேடீஸ் பெட்டியில் அந்த டப்பாவில் கை வைக்காதவள் யாராவது உண்டா? "லேப்ல கை கழுவுற சோப்பு வாசனை இட்லியிலயும் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே நாலாவது இட்லியை எடுப்பாள் பத்மா.

நீங்கள் கண்மூடிய பிறகு பத்மாதான் சங்கத்துச் செயலாளர்.

உங்கள் ஹால்ட்டுக்கு அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவள். ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கிறாளா? டூவீலரை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு, ஒரு கையில் செருப்போடு ஓடி வருவாள். நீங்கள் கதவில் நின்று கையை வெளியே நீட்டிக்கொண்டே இருப்பீர்கள். கடைசிப் பெட்டியில் இருக்கிற கார்டு உங்கள் கை உள்ளே போனால்தான் கொடி காட்டுவார். "லில்லியம்மா கை என்ன, சிக்னலா?" என்று புதிதாக வந்த கார்டு ஒருவர் கேட்டாராம். "சிக்னலாச்சும் சில நாள் வேலை செய்யாது சார்" என்று பழையவர் சொன்னதாக நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

இன்னொன்றும் இங்கே எழுத வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இந்த வண்டி எக்ஸ்பிரஸ் என்ற பெயரோடு திரும்பி வந்தது. சின்ன ஸ்டேஷன்கள் எதிலும் நிற்கவில்லை. நீங்கள் மனு மேல் மனு கொடுத்தீர்கள். ஒரு கட்டத்தில், இந்தம்மாவைச் சமாதானப்படுத்தினால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, உங்கள் ஹால்ட்டில் மட்டும் நிறுத்துகிறோம் என்றார்கள். பத்மா ஊர் அதில் இல்லை. "எங்க ஊர்ல மட்டும் நின்னா அது எனக்கு வாடகைக் கார் சார். எல்லா ஊர்லயும் நிக்கட்டும், அப்பத்தான் ரயில்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பிறகு எல்லா ஊரிலும் நின்றது. பத்மாவுக்கும் சேர்த்துத்தான் நின்றது.

இப்போது நடந்தது இதுதான். பத்மாவின் ஆபீஸில் முகத்தைக் காட்டி வருகை பதிகிற மெஷின் வந்திருக்கிறது. தாமதமானால் அரை நாள் விடுப்பு போய்விடும். அவளைப் போலப் பெட்டியில் பலர். வண்டியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டம் குறைவான ஹால்ட்டுகளை விட்டுக்கொடுத்தால் பார்க்கலாம் என்று ரயில்வே பக்கம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்துக் கூட்டத்தை ஓடுகிற வண்டியிலேயே நடத்துகிற வழக்கம் நீங்கள் கொண்டுவந்தது. அப்படியே கூட்டம் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு உங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட வண்டியில் இல்லை. பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள். வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு உங்கள் தெரு முழுக்கக் கோயில் வேலையில் இருக்கும் என்பது அந்தப் பெட்டியில் தெரியாதவர் யார்?

உங்கள் மகள் ஜென்சியிடம் இதை நான்தான் போய்ச் சொன்னேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "கூட உக்காந்து சாப்பிட்டவனே ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த நாளுல்ல சித்தி அது? நாள் பார்த்துத்தான் எடுத்திருக்காங்க" என்றாள். சிரிக்கவில்லை. டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

நிறுத்தத்தை எடுத்த மறுநாள் பேப்பரில் என்ன வந்தது தெரியுமா? "பயணிகள் கோரிக்கை ஏற்பு, ரயில் வேகம் கூடுகிறது" என்று பெட்டிச் செய்தி. நான் வேலை பார்த்த அதே பேப்பரில். யாருடைய கோரிக்கை, யாருக்கு வேகம் என்று டெஸ்க்கில் ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் அந்த வண்டியில் போனேன். மயிலாடுதுறையில் ஏறி, நாம் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். குறுவை நட்டு வயலெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. பூம்புகார் பக்கத்து மீன்காரம்மா அலுமினியக் கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் ஹால்ட்டைச் சத்தம் போட்டுக்கொண்டு கடந்தோம். பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. என் எதிரில் இருந்த பெண் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் பத்மா ஏறினாள். ஓடி வரவில்லை, நடந்தே வந்தாள். ஓட வேண்டிய அவசியமில்லை அக்கா, வண்டி அங்கேயே நின்றுவிட்டது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறது, ஒற்றைத் தண்டவாளம், அது போனால்தான் இது போகும். உங்கள் ஹால்ட்டில் மிச்சம் பிடித்த நேரமும் இங்கே நின்றே தீர்ந்துவிட்டது.

"எப்படி பத்மா, இப்ப நேரத்துக்குப் போயிடறியா?" என்று கேட்டேன்.

"நீங்க வேறக்கா. தெனமும் கிராசிங் போட்டுடறான். நேத்தும் அரை நாள் போச்சு."

பின் சீட்டிலிருந்து கும்பகோணத்து நர்ஸம்மா ஒருவர் குரல் கொடுத்தார். "ஒரு ஊரையே இறக்கி விட்டாச்சு. அப்பவும் வண்டிக்கு பாரம் குறையல போலிருக்கு."

"நீங்களும்தானே சிஸ்டர் கையைத் தூக்குனீங்க?" என்றாள் பத்மா.

"தூக்குனேன்தான். இல்லேன்னா சொன்னேன்?"

எக்ஸ்பிரஸ் போனது. பெட்டி முழுக்க ஒரு முறை ஆடி அடங்கியது.

நீங்கள் இருந்தபோதே சொன்னீர்கள். தாமதம் ஹால்ட்டில் இல்லை, கிராசிங்கில் இருக்கிறது, இரண்டாவது தண்டவாளத்தைக் கேளுங்கள் என்று. அதைக் கேட்பது பெரிய வேலை, வருஷக்கணக்கில் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஊரை விட்டுக்கொடுப்பது சின்ன வேலை. கையைத் தூக்கினால் போதும்.

யோசித்துப் பார்க்கிறேன். நம்ம டெல்டாவை விட்டுச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு வண்டி இருக்கிறது, படுத்துக்கொண்டே போகலாம். இங்கேயே வீடு, இங்கேயே வயல், பக்கத்து டவுனில் வேலை என்று இருப்பவர்களுக்குத்தான் வண்டி இல்லை. நிற்கிற பாசஞ்சர் ஒன்று இருந்ததால் எத்தனை பெண்கள் சம்பளம் வாங்கினார்கள்! பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கி, இன்னொரு கையால் முந்தானையைக் காப்பாற்றிக்கொண்டு போவதா தினமும்? ரயிலில் உட்காரலாம், கண் மூடலாம், அவரைக்காய் ஆயலாம், வாந்தி வந்தால் ஓடிப்போகக் கழிப்பறை இருக்கிறது. கர்ப்பமாக இருந்த எத்தனை பேர் கடைசி மாதம் வரை வேலைக்குப் போனது அதனால்தானே?

ஜென்சி தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பிரிவில் இருக்கிறாள். இப்போது மினி பஸ் பிடித்துக் குத்தாலம் போய் ரயில் ஏறப் பார்க்கிறாள். மினி பஸ் வருகிற நாளிலும் அதற்குள் வண்டி போயிருக்கும். அங்கே அவளுடைய கவுண்டருக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து பழக்க ஆரம்பித்துவிட்டார்கள். தஞ்சாவூரிலேயே ரூம் எடுத்துக்கொள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். "அப்பாவுக்கு யாரு சித்தி சோறு போடறது?" என்கிறாள். அத்தானுக்குப் பார்வை முன்னைவிட மங்கிவிட்டது. என் குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ரயில் சத்தம் கேட்டபோது மட்டும், "நிக்கல" என்றார்.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். நேற்று அதிகாரி சொன்னது இதுதான்: "சங்கம் கேட்டு எடுத்தது. சங்கமே திரும்ப வேணும்னு எழுதித் தந்தா பரிசீலிக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள தந்தாத்தான் அடுத்த அட்டவணைக்கு எடுத்துக்க முடியும்."

போன வாரம் ரயிலிலேயே, நிறுத்தம் திரும்ப வேண்டும் என்று சங்கத்தின் பேரில் எழுதித் தரும்படி பத்மாவிடம் கேட்டிருந்தேன்.

"எழுதிக் குடுத்தா, நாங்க பண்ணது தப்புன்னு ஆயிடும்லக்கா?" என்றாள்.

"ஆகட்டுமே" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். இறங்கும்போது, "திங்கக்கிழமை எல்லார்கிட்டயும் கேக்கறேன்" என்றாள்.

நேற்றைய போனுக்குப் பிறகு அந்தத் திங்கட்கிழமையை நான் அவளிடமே விட்டுவிடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜென்சியை என் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன், அத்தானுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு சொல்லியாயிற்று. காலையில் இரண்டு பேரும் மயிலாடுதுறையிலேயே ஏறுகிறோம். போன தடவை வெறும் சீட்டைப் பார்த்துத் தூக்கிய கைகள். இந்தத் தடவை ஜென்சி எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

சங்கம் இதுவரை எழுதித் தரவில்லை. ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஜென்சி தவணை கேட்டிருப்பதும் அதுவரைதான். யார் கை மேலே போனது, யார் கை மடியிலேயே இருந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். பத்மா கை உட்பட.

இப்படிக்கு,
லேடீஸ் பெட்டியில் உங்களுக்குத் தங்கையானவள்,
வசந்தி