நம் சண்டையில் கொழுத்தவன்

என் வீட்டுக்காரர், தையல்கார மகாராஜாவுக்கு,

முதல் பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும், கிளம்பிவிட்டேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

நேற்று நம் நாய்க்குட்டி உருண்டையை டாக்டரிடம் தூக்கிப் போனேன். எடை பார்த்துவிட்டு, "வீட்ல இவனுக்கு தினமும் விருந்தா?" என்று சிரித்தார். அப்போதுதான் உறைத்தது. நாம் பேசாமல் இருந்த இந்த வாரம் முழுக்க, நான் சாப்பாடு வைத்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வைத்தது எனக்குத் தெரியாது. அந்தக் கள்ளன் இரண்டு பேரிடமும் பட்டினி கிடந்த முகத்தோடு வந்து நின்றிருக்கிறான்.

காலைச் சாப்பாடு கொடுத்தாயிற்று. அவன் எப்படிப் பார்த்தாலும் நம்பாதீர்கள். மதியத்துக்கு எலும்பில்லாத கோழி, வெந்த கேரட், கொஞ்சம் சோறு, அளந்து டப்பாவில் வைத்திருக்கிறேன். உப்பும் வெங்காயமும் கூடவே கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பால் வேண்டாம். வயிற்றைக் கலக்கினால் நீங்கள் வெட்டி வைத்த துணிமேல்தான் போவான்.

இரவுச் சாப்பாடு என் பொறுப்பு.

நம் சண்டைக்குக் காரணமான தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்தியது நான்தான். உங்கள் கண்ணுக்கு வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. அதில் மாற்றமில்லை.

பி.கு: ஒரு வாரமாக அவனுக்கு மட்டும் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்து வைத்தோம். "சாப்பிட்டீங்களா?" என்று நாம் ஒருவரையொருவர் கேட்கவேயில்லை. இதோ, நான் கேட்டுவிட்டேன். சாயங்காலம் பதிலை வாயைத் திறந்து சொல்லுங்கள்.