கறுப்பு வண்டியும் வெள்ளிக்கிழமைத் திருநீறும்

மாப்பிள்ளை,

எதிர்வீட்டுக்காரர் கறுப்பு கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பூஜை போட்டு பானெட்டில் பூசிய சந்தனத்தை இன்று காலை காய்ந்த துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கார் பாலிஷ் தொழிலை விட்டு வேப்பம்பட்டில் வந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் காய்ந்த துணி பெயிண்டில் படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன். உடனே உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்ன, கோபம்தான் வந்தது.

'நீ' என்று எழுதுகிறேன், பார்த்தாயா? சிநேகிதர்களாக இருந்தவரை நமக்குள் வாடா போடாதான். என் தங்கைக்கு நீ தாலி கட்டிய மறுநாளே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இனிமே அவர வாடா போடான்னு கூப்டாத. ஊட்டு மாப்ள. நீ ஒரு சொல்லு சொன்னா அது ஒன் தங்கச்சி தலைலதான் வந்து வுழும்" என்றாள். அன்றிலிருந்து நீ எனக்கு 'நீங்க' ஆகிவிட்டாய். உன்னைத் திட்டுகிற உரிமையும் அதோடு போயிற்று. எல்லாம் கெட்டது அங்கேதான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளின் காலம் அது. நீ பழைய கறுப்பு அம்பாசிடர் ஒன்றை வாங்கித் திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு நிறுத்தியிருந்தாய். சவாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு தொழிற்சாலையில் வெளிநாட்டு விருந்தாளிகளை அழைத்து வர மாச வாடகைக்கு வண்டி தேடினார்கள். வெள்ளிக்கிழமை ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அது கிடைத்தால் வண்டி உனக்கு நிற்கும், கிடைக்காவிட்டால் விற்றுவிட்டு யாரிடமாவது டிரைவராகப் போக வேண்டியதுதான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாசமாக இருந்த என் தங்கைக்கும் தெரியும்.

வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டு வந்தாய். நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில் தள்ளி நிறுத்தியதும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். கறுப்பு பெயிண்டில் ஒன்றையும் மறைக்க முடியாது. ஏற்கெனவே யார் யாரோ தேய்த்துத் தேய்த்து பெயிண்ட் மெலிந்து, ஓரங்களில் அடியிலிருந்த சிவப்பு பிரைமர் எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரே ஒரு முறைதான் தேய்க்கலாம், அதற்குமேல் அந்த பெயிண்ட் தாங்காது. உன்னிடமும் சொன்னேன். "நீ இருக்க சொல்ல எனக்கின்னா கவல மச்சான்" என்று சிரித்தாய்.

சோப்புத் தண்ணீரில் மண் போகக் கழுவி, கீறல் எடுக்கிற காம்பவுண்டுப் பசையைத் துணியில் தொட்டு, வண்டியின் நீளவாக்கில் நேர்கோடாக இழுத்தேன். உள்ளங்கை அளவு இடம் சரியானால்தான் அடுத்த இடம். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. கடைசியில் மெழுகு போட்டு, நைந்த மல் வேட்டியால் துடைத்து வெயிலில் நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை. என் பல்லின் வெற்றிலைக் கறைகூட பானெட்டில் தெரிந்தது. அந்த வேட்டித் துண்டை உன் கையில் கொடுத்து, "மாப்ள, தொடைக்கணும்னா இத நனைச்சித் தொடைங்க. காஞ்ச துணி ஆவவே ஆவாது" என்றேன். தலையை ஆட்டினாய். அதை மடித்து டேஷ்போர்டில் முருகன் படத்துக்கு அடியில் விரித்துவிட்டாய், புண்ணியவானே!

வெள்ளிக்கிழமை காலை நான் உன் வீட்டுக்கு வந்தபோது கற்பூர வாசனை தெருமுனை வரை வந்தது. பானெட்டில் மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் சந்தனம். ஆபீசர் வருகிற நேரத்தில் பட்டை வேண்டாமே என்று உனக்கே தோன்றியிருக்கிறது. தோளில் கிடந்த துண்டை, ஸ்டேஷன் புழுதியெல்லாம் குடித்திருந்த அந்தத் துண்டை, எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாய். காய்ந்த சந்தனம் தகட்டில் நறநறத்தது என் பல்லில் கேட்டது.

"மாப்ள, தண்ணி ஊத்தித் தொடைச்சிருக்கலாமே!" என்றேன். என் குரல் எனக்கே அழுகிறமாதிரி இருந்தது.

"இன்னா மச்சான் நீ, திருத்தணி துன்னூற யாராச்சும் தண்ணி வுட்டுக் கழுவுவாங்களா? இருக்கிற சாமியும் போயிடும்" என்றாய்.

வேறு யாராக இருந்திருந்தாலும் அந்தத் துண்டைப் பிடுங்கிக் கூரைமேல் வீசியிருப்பேன். வீட்டு மாப்பிள்ளை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆபீசர் வந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பானெட்டருகே குனிந்து பார்த்தார். "யாருப்பா இதுக்குப் பாலிஷ் போட்டது? தேங்கா நாரால தேச்சாப்பல இருக்கு" என்றார்.

நீ என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாய். "இவர்தான் சார், எங்க மச்சான். திருவள்ளூர் பூரா தேடுனாலும் இவர் கை மாதிரி வராது சார்!" என்றாய். உண்மையான பெருமையோடுதான் சொன்னாய், அதுதான் கொடுமை. வாசற்படியில் காபி டம்ளரோடு என் தங்கை நின்றிருந்தாள். பழி உன்னுடையது என்று அவள் முன்னால், ஊரான் முன்னால் எப்படிச் சொல்வேன்? ஆபீசர் காபி குடிக்காமலே போய்விட்டார்.

"கறுப்புன்னாலே அந்த ஆளுக்கு ஆவல மச்சான்" என்று நீ என்னைத் தேற்றினாய். வண்டி கைமாறியது. நீ லாரி ஏறி ஆந்திராப் பக்கம் ஓட்டப் போனாய். பிள்ளை பிறந்தபோது ஊரில் இல்லை. பிறகு தீபாவளிக்கு இருந்தால் பொங்கலுக்கு இருக்கமாட்டாய். இப்படியே வயதும் போய் உடம்பும் போயிற்று. ஒரு நாளாவது உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்தேன். நீ ஊருக்கு வருகிறபோதெல்லாம் சிரித்துக்கொண்டே வருவாய். பேஜாரு பிடித்த மனுஷா, அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

போன வாரம் உன் திதி. எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தப்பா நெனைக்காதண்ணா. அன்னிக்கி நீ கொஞ்சம் ஒயுங்கா தேச்சிக் குடுத்திருந்தா, அவரு லாரிக்குப் போயிருக்க மாட்டாரு இல்ல?" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். துண்டு, சந்தனம், திருநீறு எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. உன் படத்துக்கு அப்போதுதான் மாலை போட்டிருந்தாள்.

"ஆமாம்மா. அன்னிக்கி என் கை சரியில்ல" என்றேன்.

அவள் என் முழங்காலைத் தட்டி, "வுடுண்ணா. நீ இன்னா, வேணும்னா செஞ்ச?" என்றாள்.

மன்னித்துவிட்டாள், மாப்பிள்ளை. உனக்குச் சேர வேண்டிய அந்த மன்னிப்பை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.