லைனெ ஆற்றங்கரையில் உமது இடம்

மடு மாதா துணை

ஹனோவர்
11.07.2004

அன்புள்ள மனைவிக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் லிசாவும் சுகம். பேசாலையில் நீரும் மாமியும் மச்சான்மாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். மாமியின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது கேட்டு நிம்மதி. வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளும்.

ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். நீர் பேசுவது கடையில். உமக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். நான் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்கிறீர். பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாக ஊருக்குப் போன ஆளிடம் ஓம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது.

இங்கே ஒரே மழை. பல்கனியில் உமது தக்காளி பூத்திருக்கிறது. லிசாவுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, பத்து மணிக்கு முன் எழும்புவதில்லை. எனக்குச் சலவைத் தொழிற்சாலையில் இந்த மாதம் முழுக்கக் காலை வேலை. சமையல் நான்தான். பிறிட்ஜின் கீழ்த்தட்டில் நீர் தூண்டில் புழு டப்பா வைத்த இடத்தில் இப்போது தயிர் வைக்கிறேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். எல்லாரும் உம்மைத்தான் விசாரித்தார்கள். பற்றிமா அக்கா, அவ இல்லாமல் கோயிலே வெறிச்செண்டு கிடக்குது என்றா. நான் அவவுக்கு முன்னால்தான் நின்றேன். எனக்குச் சுகமோ என்று ஆரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

இன்னொரு சங்கதி. வியாழக்கிழமை உமது மீன்பிடிக் கூட்டாளி, அந்த ஜெர்மன் கிழவர் குறூசெ வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நீர் ஆற்றங்கரையில் மறந்துவிட்ட சுடுதண்ணீர்ப் போத்தலைக் கழுவித் துடைத்து, பேப்பர் பையில் போட்டுக் கொண்டுவந்தார். நீர் இல்லை என்றேன். எப்போது வருவீர் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகும் போகாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மே மாதத்திலிருந்து நீர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். தான் என்ன பிழை செய்தேன் என்று கேட்கிறார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

என்ன பிழை என்று அவருக்குத் தெரியாதாமோ? மீன்பிடிச் சங்கத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் போனது. தடைக்காலத்தில் நீர் ஒரு ஹெக்ட் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனீர் என்று அதில் இருந்ததாம். சங்கம் உமது மீன்பிடி அட்டையை நிறுத்தி வைத்தது. அந்த மீன் தற்செயலாகக் கொழுவியதையும், நீர் அதைக் கழற்றித் திரும்ப ஆற்றில் விட்டதையும் கண்டவர் அவர் ஒருவர்தான் என்று நீர்தானே அழுதழுது சொன்னீர். அப்படியான ஆட்களோடு பழகவேண்டாம் என்று நான் முதலே சொன்னேன். நீர் கேட்கவில்லை.

தம்பிமாரின் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போகவேண்டாம். நாற்பத்திரண்டு வயதில் அது தேவையில்லை. லிசா முத்தம் தந்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புக் கணவன்
றொனால்ட்


மடு மாதா துணை

ஹனோவர்
25.07.2004

அன்புள்ள மனைவிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். புதன்கிழமை நீர் எடுத்தபோது கடைக்குள் ஆட்கள் இல்லைப் போலும், நிறையப் பேசினீர். கடலுக்குப் போனீராம். விடிய நாலு மணிக்கு எழும்பித் தம்பியின் வள்ளத்தில் போய், பாரை மீன் பிடித்தீராம். சொல்லச் சொல்லச் சிரித்தீர். இங்கே அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, நான் கவனிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்குள் அதை நான் கேட்டதில்லை. வெளியே கேட்டிருக்கிறேன்.

கடைசியில் தம்பி உம்மை இன்னும் மூன்று மாதம் நிற்கச் சொல்லுகிறான், ரிக்கெற்றை மாற்றலாம் என்று ஒரு பேச்சுப் போட்டீர். பகிடி என்று நினைத்துக்கொண்டேன். குறூசெ மன்னிப்புக் கேட்டவரோ என்றும் கேட்டீர். இங்கே மழை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அதுதான் இன்றைக்குப் பூசை முடிந்து, லிசாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆற்றுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அங்கே நான் போனது இது முதல் தடவை இல்லை. போன வருசம் பல சனிக்கிழமைகள் பாலத்தில் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன். எழுபத்தைந்து வயதுக் கிழவர் என்று எனக்குத் தெரியும். கெட்ட நினைப்பு ஒன்றும் என் மனதில் இல்லை. ஆனால் நீர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பது பாலம் வரைக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்தால் கறிக்கு உப்புக் காணுமோ என்று மட்டும் கேட்பீர்.

இன்றைக்கு இறங்கிப் போனேன். பாலத்துக்குக் கீழே, அந்தச் சாய்ந்த மரத்தடியில் அவர் தனிய இருந்தார். பக்கத்தில் ஒரு கதிரை விரித்து வெறுமையாகக் கிடந்தது. உமது இடமாம். வேறு ஆரும் இருக்க வந்தால் ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்புகிறாராம். நான் அதில் இருந்தேன்.

பேர்பெச்சுவா எப்படி இருக்கிறா என்று கேட்டார். உமது முழுப் பெயரையும் ஓரெழுத்துக் குறையாமல் சொல்லுகிறார். நான் உம்மை இஞ்சேரும் என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அவர் தூண்டிலைத் தூக்கினார். இரை போயிருந்தது. டப்பாவைத் திறந்து ஒரு மண்புழுவை எடுத்து முள்ளில் ஏற்றப் பார்த்தார். கை நடுங்கியது. புழு நழுவி விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. மூன்றாம் தடவை முள் அவருடைய விரலிலேயே ஏறிவிட்டது. அப்போதுதான் சொன்னார், இரண்டு வருசமாகத் தன்னுடைய முள்ளுக்கும் நீர்தான் புழு ஏற்றிக் கொடுத்தீராம். நீர் ஆற்றுக்கு வராமல் விட்டபிறகு பாண் ரொட்டியைப் பிசைந்து உருட்டிப் போடுகிறாராம், அதைச் சின்ன மீன்கள் கொத்திக் கரைத்துவிடுகின்றனவாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் குனிந்து என்ன செய்கிறீர்கள் என்று பாலத்தில் நின்று பல்லைக் கடித்ததுதான் தெரியும்.

நான் அந்தப் புழுவை வாங்கி முள்ளில் ஏற்றிக் கொடுத்தேன். புழு என்றால் எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று உமக்குத் தெரியும். மூன்று நிமிசம் எடுத்தது. அவர் பார்த்துவிட்டு, பேர்பெச்சுவா ஒரே இழுப்பில் ஏற்றுவா என்றார். நன்றி சொல்ல முதல் அதைத்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தூண்டிலை நான் தொடக்கூடாதாம், என்னிடம் அட்டை இல்லை. அட்டை எடுக்க எழுதும் அந்தச் சோதனைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போனோம். உம்மைத் தனிய விட மனமில்லாமல்தான் நானும் வந்தேன். ஏ.எல் படித்த நான் இரண்டு தடவை தவறினேன். எட்டாம் வகுப்போடு நின்ற நீர் முதல் தடவையிலேயே பாஸ். கோயிலில் ஆட்கள் கேட்டபோது நான் சோதனை எடுக்கவே இல்லை என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற நீர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். புயலுக்காகக் கடலில் தடை போட்டிருந்த நாளில் உமது அப்பு களவாகத் தொழிலுக்குப் போய் மூன்று நாள் வராததையும், பதினாறு வயதில் நீர் கரையை விட்டு அசையாமல் நின்றதையும், மூன்றாம் நாள் அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்து கரைசேர்ந்ததையும் எனக்கு ஒரு ஜெர்மன்காரர் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கோபத்தோடுதான் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் நினைவு வந்தது. கலியாணமான புதிதில் என்னுடைய அக்காவுக்கு முன்னால் நீர் ஏதோ வள்ளக் கதை தொடங்க, அந்தக் கடற்கரைக் கதைகளை இஞ்சை எடுக்காதையும் என்று நான் சொன்னேன். நீர் எழும்பிக் குசினிக்குள் போனீர்.

ரிக்கெற் விசயத்தில் அவசரப்படவேண்டாம். மாமிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
றொனால்ட்


மடு மாதா துணை

ஹனோவர்
06.08.2004

அன்புள்ள பேர்பெச்சுவாவுக்கு,

இந்தக் கடிதத்தை மாமிக்கோ தம்பிமாருக்கோ வாசித்துக் காட்டவேண்டாம். தனிய இருந்து வாசியும்.

சங்கத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதினது நான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நீர் ஆற்றால் வந்து, சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டே சொன்னீர். புழுவுக்கு ஒரு ஹெக்ட் வந்து கொழுவினதாம், சீலா மீன் மாதிரி நீண்ட வாயாம், கையை விரித்து இவ்வளவு என்று காட்டினீர். தடைக்காலம் என்பதால் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் பிடித்து, அது உயிர்த்து ஓடும்வரைக்கும் வைத்திருந்தீராம். குறூசெ தொப்பியைக் கழற்றி அந்த மீனுக்கு வணக்கம் சொன்னாராம். நான் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று நீர் நினைத்தீர். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அதனால்தான் உமக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நீர் அழுதபோது, எனக்கும் சொன்னதை நீர் ஒரு கணக்காகவே எடுக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் நொந்தது. பாரும், எப்படிப்பட்ட மனம் என்று.

அகராதியைப் பார்த்துப் பார்த்துப் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதினேன். விட்ட மீனைக் கொண்டுபோனதாக எழுதினேன். உமது அட்டையைப் பறித்தால் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பீர் என்று நினைத்தேன். இருந்தீர். தூண்டில் தடியைக் கீழறையில் வைத்துப் பூட்டிவிட்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தீர். போன கடிதத்துக்கு முதல் கடிதத்தில் பழியை அந்த மனுசர்மேல் போட்டு எழுதினேனே, அதையும் தெரிந்தேதான் எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போய் அவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பொறாமை என்பதற்கு எனக்கு அவர்களின் சொல் தெரியவில்லை. அவ இங்கே சிரிக்கிறா, வீட்டில் சிரிப்பதில்லை என்றேன். அவர் தூண்டிலைக் கரைக்கு இழுத்தார். பிறகு, அவ மீன் பிடிக்கிறதால் சிரிக்கிறா, என்னால் இல்லை என்றார். எழும்பித் தடியை மடக்கினார், உமது கதிரையையும் மடக்கினார், என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

நேற்று வியாழக்கிழமை சங்கத் தலைவரிடம் நேரம் எடுத்துப் போனேன். லிசாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு ஆரைக் கேட்பது? என்ன விசயம் என்று வழியில் சொல்லவில்லை, அதுவும் என் பிழை. அங்கே நான் தமிழில் சொல்ல, பிள்ளை ஜெர்மனில் சொன்னாள். நான் எழுதினேன், பொய் எழுதினேன் என்று என் மகளின் வாயால் கேட்டேன். அவளுடைய காது சிவந்துவிட்டது. ஆனால் ஒரு சொல்லையும் மெல்லமாக்கவில்லை. தலைவர் என்னோடு கை குலுக்கவில்லை. உமது அட்டையைத் திருப்பித் தருவதாகவும், நடந்தது பிழை என்று உமக்கும் குறூசெக்கும் எழுதுவதாகவும் சொன்னார்.

ட்ராமில் லிசா எனக்கு மூன்று வரிசை முன்னால் போய் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், அம்மாவுக்கு நீங்களே எழுதுங்கோ அப்பா, அதுக்கு நான் வரமாட்டன் என்றாள். பிறகு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலையில் எனக்குத் தேத்தண்ணி போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எல்லாம் மாறிவிட்டது, நான் நல்லவனாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி எழுதினால் அதுவும் பொய். தம்பியின் வள்ளத்தில் நீர் சிரித்தீரே, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. மூன்று மாதம் நிற்கச் சொன்ன உமது தம்பிமேலும், நீர் பார்த்து நிற்கிற அந்தக் கடல்மேலும் எரிச்சல் வருகிறது. குறூசெ சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு துண்டாவது எனக்காக இருக்கவேண்டும் என்ற ஆசை போகவில்லை. இத்தனை வருசம் அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல், அது இருந்த இடத்தில் போய்ப் பறித்தேன்.

நீர் வந்தபிறகு நேரில் சொல்லலாம் என்றும் யோசித்தேன். வந்து இறங்கினபிறகு சொன்னால் நீர் எங்கே போவீர்? இந்த நாட்டில் உமக்குப் போக வேறு வீடு இல்லை. அங்கே என்றால் தாய் வீடு இருக்கிறது, தம்பிமார் இருக்கிறார்கள். பத்து நாளில் கடிதம் கிடைத்தால் இருபத்திநாலாம் தேதிப் பயணத்துக்கு முன் யோசிக்க உமக்கு நாள் இருக்கும். அதற்காகத்தான் இன்றே தபாலில் சேர்க்கிறேன். இந்த வாரம் நீர் ரெலிபோன் எடுத்தால் நான் இதைப்பற்றி வாய் திறக்கமாட்டேன். அந்தக் கடைக்குள் வைத்து உம்மை அழ வைக்க மனம் இல்லை.

குறூசெ நேற்றுப் பின்னேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம், தூரத்தில் போய் இருந்ததைக் கண்டேன். பாணைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போக எனக்கு முகம் இல்லை.

விமான நிலையத்துக்கு லிசா வருவாள். நானும் வருவேன், தள்ளி நிற்பேன். பெட்டியைத் தந்தால் தூக்குவேன், தராவிட்டால் பின்னால் வருவேன். சனிக்கிழமைகளில் நீர் எங்கே போகிறீர், ஆரோடு இருக்கிறீர் என்று கேட்கமாட்டேன். கேட்கவேண்டும்போல் இருக்கும், இருந்தாலும் கேட்கமாட்டேன்.

ரிக்கெற்றை மாற்றவேண்டாம், பேர்பெச்சுவா. ஏசுவதென்றால் இங்கே வந்து ஏசும். பேசாமல் இருப்பதென்றாலும் இந்த வீட்டுக்குள் இருந்து பேசாமல் இரும்.

மாதா உம்மைக் காக்கட்டும்.

றொனால்ட்