சேற்றைத் தாண்டிய வண்டி

அன்புள்ள தம்பி எலேமாவுக்கு,

அண்ணி டார்மி எழுதுகிறேன். மொம்பாசாவில் சமாதானமா? உடம்புக்கும் வேலைக்கும் சமாதானமா? இங்கே மனிதருக்கும் ஒட்டகங்களுக்கும் சமாதானம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் மனைவி பூக்கேவுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் தெற்கே போகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "நான் சொன்ன என்ஜினாலதான் குயாத்து செத்தா, இனிமே அந்த வண்டிப் பேச்சையே எங்கிட்ட எடுக்காதே" என்று பூக்கேவிடம் சொன்னாயாம். நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்! குயாத்துவைப் பெற்றவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் மனைவிக்கு மூத்த பிள்ளையே ஆபரேஷனில்தான் பிறந்தது. இந்த முறையும் மார்சபிட் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தீராது. ஊருக்கு இருப்பது அந்த ஒரே லாண்ட் க்ரூசர். அது என்ஜின் செத்து நம் வேலியோரம் நிற்கிறது. மழையும் பிடித்துக்கொண்டது.

ஆண்கள் மறுபடி வேலமரத்தடியில் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். போன தடவை என்ஜின் மாற்றியபோது நீ போனில் கத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "பெட்ரோல் வண்டி தண்ணியில எறங்குனா தும்மிட்டு நின்னுடும். டீசல்தான் சேத்துல இழுக்கும்" என்றாய். பெரியவர் ஜார்சோ, "பெட்ரோலு மோட்டார் சைக்கிளுக்காக எல்லாப் பெட்டிக்கடையிலயும் பாட்டில்ல தொங்குது. டீசலுக்கு நீ மார்சபிட்டுக்கு ஒட்டகத்துல போவியா?" என்றார். கடைசியில் நீ ஜெயித்து, டீசல் என்ஜினை அனுப்பிவைத்தாய். இப்போது ஜார்சோ, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பழையபடி பெட்ரோல் என்ஜினே போடச் சொல்கிறார். வண்டியை ஓட்டி, பழுதும் பார்த்துவந்த உன் அண்ணன் அந்த மரத்தடிப் பக்கமே போவதில்லை.

குயாத்து போன அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. டீசல் என்ஜின் மாட்டிய பிறகு வண்டி தண்ணீர் டிரம்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. நோயாளியை ஏற்றியது அன்றுதான் முதல் தடவை. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே. நோயாளி ஏறினால் வீட்டுக்கு ஒரு பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்து, "சமாதானமாப் போ, சமாதானமா வா" என்று பெண்கள் அவரவர் கையால் டேங்க்கில் ஊற்றுவோம். நோயாளியின் தாய் முதலில் ஊற்ற வேண்டும். குயாத்து பின்னால் படுத்துப் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் வண்டிக்குள் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஊற்றினேன். எனக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஊற்றினார்கள்.

டீசலா பெட்ரோலா என்று மரத்தடியில் அத்தனை நாள் மல்லுக்கட்டினீர்களே, ஊற்றுகிற கைகளிடம் ஒருவராவது வந்து சொன்னீர்களா? வண்டிக்கு வேறு என்ஜின் என்று தெரியும். அதற்கு வேறு எண்ணெய் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஆண்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று உன் அண்ணன் நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் சொல்லியிருக்க வேண்டியவரே அவர்தான்.

ஓடையில் தொடையளவு தண்ணீர். வண்டி எருமை மாதிரி இறங்கி, அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பழைய என்ஜினாக இருந்தால் நட்ட நடு ஓடையில் நின்றிருக்கும், என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். சால்பி உப்புவெளிக்குள் பாதி தூரம் போன பிறகுதான் அது தட்டத் தொடங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. உன் அண்ணன் பில்டரைக் கழற்றி முகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பழைய சாமான், அப்படித்தான்" என்றார்.

வேறு வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. என் பாவாடையைக் கிழித்து அடைத்தேன், அதுவும் நனைந்துவிட்டது. குயாத்து என் மடியிலேயே போய்விட்டாள்.

ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, "டேங்க்கை நாந்தான் பாக்கல, என் தப்புதான்" என்று உன் அண்ணன் எழுந்து நின்று சொன்னார். வண்டியை இழுக்க வந்த மெக்கானிக் வாய் தவறி, "பெட்ரோல் ஊத்திட்டாங்கம்மா" என்று சொல்லாவிட்டால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. முதல் பாட்டில் என்னுடையது என்பதை மறைக்க அந்த மனிதர் பழியை வாங்கிக்கொண்டிருக்கிறார். ராத்திரியில் அவர் பக்கத்தில் படுக்கவே என்னால் முடியவில்லை, எலேமா. அவர் மேல் கோபமா, என் மேலா, அதுகூடத் தெரியவில்லை.

பேரன் பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் குடிக்கிறான்.

நான் கேட்பது இதுதான். இந்த முறையும் டீசல் என்ஜினே அனுப்பு. ஜார்சோவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர்ப் பெண்களிடம் பேசிவிட்டேன். யாரும் ஊற்றுவதை விடமாட்டோம் என்கிறார்கள், விடவும் வேண்டாம். மார்சபிட்டிலிருந்து ஒரு டிரம் டீசல் வரவழைத்து, வீட்டுக்கு ஒரு பாட்டில் இப்போதே கொடுத்து வைக்கப் போகிறோம். பூக்கே வண்டி ஏறும் அன்றைக்கு டேங்க் வாயருகே நான் நிற்பேன். ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்ற விடுவேன்.

என்ஜினை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டு இருந்துவிடாதே, நீயும் வா. உன் அண்ணன் இனி ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்கிறார். நீ பக்கத்தில் நின்றால் தொடுவார். அவரிடம் என்னைப் பற்றி எதுவும் கேட்காதே. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நீ வரும் வழியெல்லாம் காய்ந்து கிடக்கட்டும். பூக்கேவுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். பிள்ளை அழுகிற முதல் சத்தம் பெற்றவள் காதில் விழட்டும்.

உன் அண்ணி,
டார்மி