என் காலை அளக்காமல் உயர்த்திய வண்டி

அண்ணே,

நேற்று ஆலங்குடிச் சந்தையில் புது அரிவாள்மணை ஒன்று வாங்கினேன். பழையது கத்திரிக்காய்க்கே மூச்சு வாங்குகிறது. கூர் எப்படி என்று விரலை வைத்துப் பார்த்தபோது கொல்லர், "மெதுவா ஆத்தா, லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. ஒங்க ஆயுசுக்கும் தேயாது" என்றார். "லாரிப் பட்டையா? அப்ப பூசணிக்காய மேல வச்சா தூக்கித் தூக்கிப் போடுமே" என்றேன். மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய். வீட்டுக்கு வந்து அதில் வெங்காயம் அரிய உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்.

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதினதில்லை. எழுதியிருந்தால் என் எழுத்தை ஊரைக் கூட்டிக் காட்டிச் சிரித்திருப்பாய். இப்போது உன்னால் அது முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பட்டை என்றதும் அந்த வண்டிதானே ஞாபகம் வரும். சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்டதை உன் கடலை மண்டி முதலாளி ஏலத்தில் எடுத்து உன் கையில் கொடுத்தார். முன்னால் தட்டை மூக்கு, பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லுவாய். "மாடும் நாலு காலாலதான் இழுக்குது, இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டால் முறைப்பாய். பகலெல்லாம் மண்டிக்கு ஓட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் நார்த்தாமலைக்கு அங்கிட்டு இருந்த நம்ம ஊருக்குக் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் நிறுத்துவாய். அதற்கு மேல் தெருவுக்குள் அது நுழையாது.

முதல் பிள்ளைக்கு நான் ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த வண்டியை நம்பித்தான் இருந்தோம். விடிகாலையில் வலி கண்டதும் என்னையும் ஆத்தாவையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். நம்ம ஊர்ப் பாதை மாட்டு வண்டிக்கென்று உண்டானது. சக்கரம் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் சரளையும் பாறையுமாக மேடு. அதுவரை உரசிக்கொண்டே தாண்டின அந்த மேட்டில், மழை பள்ளத்தை இன்னும் அரித்திருந்ததால், அன்றைக்கு வண்டியின் வயிறு போய் உட்கார்ந்துகொண்டது. நாலு சக்கரமும் சுற்றியது, வண்டி நகரவில்லை. நீ ஓடிப் போய் யாரோ உழுதுகொண்டிருந்த மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து கட்டி இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன் என்று ஆத்தா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரும் அழுதோம். நீ அழவில்லை. மறுநாள் பொழுதுக்கும் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தாய். என்ன ரிப்பேர் என்று ஆத்தா கேட்டதற்கு, "வண்டிக்கு வயிறு தட்டுது" என்று மட்டும் சொன்னாய்.

மறுபடி எனக்குப் பிள்ளை தங்கியபோது, முதல் பிள்ளை நிற்காததால் இதுதான் தலைப்பிள்ளை, தாய் வீட்டில்தான் பெற வேண்டும் என்று ஆத்தா சொல்லியனுப்பினாள். என் மாமியார் விடுவாளா? "ஒண்ணத் தொலைச்சது பத்தாதா? ரோடு இல்லாத ஊருக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என்னைக் கூட்டிப் போக வந்த நீ வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்தத் தடவை தட்டாது அத்தை. தட்டுச்சுன்னா இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றாய். நான் பெட்டியைக் கட்டினேன். திமிராகச் சொல்லிவிட்டாயே தவிர, அப்போது வண்டி உயரவும் இல்லை, அதை எப்படி உயர்த்துவது என்று உனக்குத் தெரியவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நானே கேட்டேன். "யோசிப்போம்" என்றாய்.

யோசித்தாய். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கடலை வரத்து இல்லாத நாளாகப் பார்த்து வண்டியைக் கண்மாய்க் கரையில் நிறுத்தினாய். ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கருங்கல்லையும் புளியங்கட்டையையும் அடுக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டாய். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊற்றுவதற்காக நம்ம வீட்டு விளக்கு மண்ணெண்ணெயெல்லாம் போயிற்று. அடுப்பில் இருந்த சோற்றுப் பானையும் போயிற்று. அதைப் பாதைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாயாம், நடுமேடும் பானை வாயும் ஒரே மட்டமாம். இந்தப் பானை வண்டி வயிற்றில் இடிக்காமல் அங்கிட்டு உருண்டு போனால் வண்டியும் மேட்டில் இடிக்காமல் போகும் என்பது உன் கணக்கு. "பானைய அங்க வச்சுக்கிட்டா நான் எதுல ஒலை வைக்க?" என்று ஆத்தா கத்தினாள். அன்றைக்கு எல்லோருக்கும் அவல்தான்.

மண்டியில் மூட்டை தூக்கும் பொன்னையா உனக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தான். "எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு? அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல கருவேலக் கட்டையச் சொருகுனா தானா ஒசந்துட்டுப் போகுது" என்றான்.

"ஒசரும். சேத்துல திருப்புறப்ப கட்டை நழுவிரும். தங்கச்சி உள்ள இருப்பாடா."

பிறகு அவனும் ஒரு கை பிடித்தான். பட்டைகளைக் கொல்லரிடம் தூக்கிப் போய்ப் பழுக்கக் காய்ச்சி வளைவைக் கூட்டினாய். ஒடிந்து கிடந்த ஒரு லாரியின் பட்டைகளையும் நடுவில் சேர்த்து, நீளமான போல்ட் அடிக்கச் சொல்லி இறுக்கினாய். வண்டி எழுந்து நின்றது. பானை உருண்டு போயிற்று. போன பிறகுதான் முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாயைப் பார்த்தாய். வண்டி உயர்ந்ததில் அது தாம்புக் கயிறு மாதிரி விறைத்து நின்றது. திருச்சிக்குப் போய் நீளமான குழாய் வாங்கி வந்து மாட்டினாய். பின்னால் ஏறுவதற்கு இருந்த இரும்புப் படி கல்லில் இடிக்கிறது என்று அதையும் அறுத்து எறிந்தாய். கடைசியாக ஊர் ஆட்களையெல்லாம் தொட்டியில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டினாய். வயிறு தட்டவில்லை. ஏறினவர்களுக்குத்தான் இடுப்பு கழன்றது. "என்னடா, பட்டை போட்டியா பாறை போட்டியா?" என்று கேட்டார்கள். நீ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாய்.

ஐப்பசி மழையில் மண்டி மூடிக் கிடந்த ஒரு மத்தியானம் எனக்கு வலி எடுத்தது. நீயும் ஆத்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்மாய்க் கரைக்குக் கூட்டி வந்தீர்கள். தொட்டியில் வைக்கோல் பரப்பி மேலே படுதா கட்டியிருந்தது. பின் பலகையை இறக்கிவிட்டுத் திரும்பினாய். அது என் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது. நீ பலகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அறுத்த படி இருந்த இடத்தைப் பார்த்தாய். பானையை அளந்த மகராசன் என் காலை அளக்கவில்லை. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத புள்ள" என்று தூக்கப் பார்த்தாய். நான் அப்போது இருந்த கனத்துக்கு, நீ முருங்கைக்காய் மாதிரி இருந்த உடம்புக்கு, இரண்டு பேரும் சேற்றில் விழாதது ஆத்தா பிடித்ததால்தான். முக்காலி எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. நீ சேற்றில் மண்டி போட்டுக் கையை ஊன்றினாய்.

"ஏறு."

"ஒன் மேல மிதிக்கவா? மாட்டேன்ணே. பாவம்."

"பாவமெல்லாம் எனக்கு வரட்டும். ஏறு தாயி."

நான் குனிய முடியாமல் குனிந்து உன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "கும்பிட்டுக்கிட்டு நிக்காத, பிள்ளைய இங்கயே பெத்துருவ" என்று தரையைப் பார்த்தபடியே திட்டினாய். ஏறினேன். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு கல்லும் என் இடுப்புக்குச் சேதி சொன்னது. அந்த மேடு வந்தபோது நானும் ஆத்தாவும் கையைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டோம். மழைச் சத்தம்தான் கேட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த உன் மருமகள் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். என் மாமியார் வீட்டு வாசப்படியை அதற்குப் பிறகு எத்தனை தடவை மிதித்தாய், மிதித்த ஒவ்வொரு தடவையும், "இவ மிதிச்சதுல முதுகு இன்னும் நிமிரலை அத்தை" என்று சொல்லுவாய். "முதுகுன்னு ஒண்ணு இருந்தாத்தானே நிமிர" என்று நான் சொல்லுவேன். இரண்டு பேரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் முதுகில் காலை வைத்தபோது அது குலுங்கியது. கனத்தில் குலுங்குகிறது என்று முதலில் நினைத்தேன். நான் பலகைக்குத் தாவி உட்கார்ந்த பிறகும் குனிந்தவாக்கில் அது குலுங்கிக்கொண்டே இருந்தது. எழுந்து, மழையில் முகத்தைக் கழுவின மாதிரி துடைத்துக்கொண்டு போய் ஓட்ட உட்கார்ந்தாய். ஆத்தாவுக்குத் தெரியாது. பையன் போன அன்றைக்கு அழாததை, அண்ணே, நீ என் காலுக்கு அடியில் வைத்து அழுதாய்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கி வைத்தால், உள்ளங்காலில் அந்தக் குலுக்கம் ஓடுகிறது. கண்டக்டர் "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவசரப்படுத்துவான். பாரம் கொஞ்சம் கனம் தம்பி, பொறு என்பேன். அவன் என் கையில் இருக்கும் பையைப் பார்ப்பான்.