நாலாம் மாடியிலிருந்து வாடகைப் பேச்சு

விழுப்புரம்,
12.6.2014

தம்பி கோதண்டபாணிக்கு ராஜவேலு எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி சீனுவாசன் செத்துப்போனார். லிஃப்டில் படுக்கவைக்க நீளம் போதவில்லை. படிக்கட்டு முனையில் ஃப்ரீசர் பெட்டி திரும்பவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, லிஃப்டில் இறக்கினோம். தலை சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அந்த வீட்டை வாங்கச் சொன்னவனும் நான்தான். டவுனுக்கு நடுவே பழைய ரைஸ் மில்லை இடித்து இந்த அடுக்குமாடி எழும்பியபோது, நம் விக்கிரவாண்டியிலிருந்து முதல் ஆளாகப் பணம் கட்டினேன். ஆஸ்பத்திரி பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று பேசி இன்னும் மூன்று குடும்பத்தை இழுத்துவந்தேன். சீனுவாசன் சம்சாரம் கிருஷ்ணவேணி, "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிக்கினேதான வந்தாரு" என்று அழுதாள். குத்தமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

நாற்பது வருஷம் மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலை மூட்டையின் வாயில் இருப்பதை நம்பாமல், அடியில் குத்தூசி விட்டு இழுத்துப் பார்த்துத்தான் விலை சொல்வேன். அப்பேர்ப்பட்டவன், தரைத்தளத்தில் ஜோடித்து வைத்திருந்த மாடல் வீட்டைப் பார்த்துவிட்டு நாலாம் மாடிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அண்ணி ஜெயம்மாளுக்கு முட்டிவலி. மூன்று மாசமாகக் கீழே இறங்கவில்லை. மொட்டை மாடியில் நாலு படி மல்லாட்டை காயப்போட்டாள், லிஃப்டிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டு விட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரே கேள்வி: "என்னையும் குந்த வெச்சுத்தான் எறக்குவீங்களா?" நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

விற்றுவிட்டு வரலாமே என்பாய். முதலில் வந்த நானே போர்டு மாட்டினால் மற்ற மூன்று வீட்டுக்கும் விலை போகாது. கிருஷ்ணவேணிக்கு இருக்கும் சொத்து அது ஒன்றுதான். அதனால் வீடு என் பேரில் பூட்டிக் கிடக்கட்டும். இங்கே கேட்பவர்களிடம், ஊரில் குடோன் பார்க்கப் போயிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எழுதுவதும் இதற்காகத்தான். பக்கத்து வீட்டில் தும்மினால் எனக்குக் கேட்கிறது.

ஊரில் நான் உனக்கு விற்ற வீட்டில், பின்கட்டு மல்லாட்டை குடோனை நாங்கள் இரண்டு பேரும் குடியிருக்க வாடகைக்குக் கேட்டு உன் மகன் சுகுமாரிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டாயிரம் என்றாயாம். தகர ஷீட்டு போட்ட ரூமுக்கு ஆயிரமே அதிகம், உனக்கும் தெரியும். இருந்தாலும் பேரம் பேசவில்லை. சிரிக்காதே.

உன் குடும்பம் அந்த வீட்டில் நல்லபடியாகத் தழைக்கட்டும். வேப்பமரத்தை மட்டும் வெட்டிவிடாதே, அண்ணி அதன் அடியில்தான் உட்காருவாள்.

அப்போ பேச்சு இதுதான். வாடகை மாசம் இரண்டாயிரம், கரண்டு தனி, ஆனி ஒண்ணாம் தேதி முதல். அன்றாடம் போக வர எங்களுக்குப் பின்சந்துக் கதவு போதும். எங்களில் யார் முந்தினாலும், அன்றைக்கு மட்டும் முன்வாசல், படுத்தபடி.

இப்படிக்கு,
ராஜவேலு