மூட்டை மை வைத்த விரல்கள்

எனக்கு முன்னால் பிறந்து எனக்கு முன்னாலேயே போய்விட்ட தனம் அக்காவுக்கு,

உன் காரியம் முடிந்த மறுநாளே மண்டியைத் திறந்துவிட்டேன். மல்லாட்டை வரத்து நேரம், வேர்க்கடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. மூடி வைத்தால் விவசாயி அடுத்த மண்டிக்குப் போய்விடுவான் என்பது உனக்கே தெரியும். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காயை உடைத்து ஈரம் பார்க்கிறேன், விலை பேசுகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோதும் வரவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு இருந்தன. எதற்கு எண்ணினேன்?

இந்தக் கடிதத்தை வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். "அக்காவுக்கு அஞ்சலின்னா போட்டோவோட அரைப்பக்கம் போதும்ண்ணே" என்றார் மலர் போடுகிறவர். முழுப்பக்கம் வேண்டும் என்றேன். சங்கத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

போன தேர்தலுக்கு முன்னால் விழுப்புரத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் நான் பேசினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றேன். தராசுக்கு முத்திரை இல்லை என்றால் நமக்கு அபராதம் போடுகிற சர்க்கார், ஓட்டுப் போடாதவனுக்கு ஏன் போடக் கூடாது என்று கேட்டேன். மண்டபமே கைதட்டியது. திண்டிவனம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக உன்னிடம்தான் சொன்னேன். நீ கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாய். திரும்பக்கூட இல்லை.

"கை தட்னவங்கள்ல எத்தினி பேருக்குடா ஓட்டுப் போடற ஸ்கூலு தெருக்கோடியில கீது?"

"எல்லாருக்கும்தான். அதுக்கு இன்னா?"

"அதான் தட்றானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சர்க்கார் சட்டம் போடாவிட்டால் என் மண்டியில் நான் போடுகிறேன் என்று அந்த வீம்பில்தான் அறிவித்தேன். தேர்தலுக்கு மறுநாள் காலையில் விரலைக் காட்ட வேண்டும். மை இல்லாதவளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது.

மண்டியில் காய் சலித்துப் பொறுக்குகிற பெண்கள், அவர்களை மேய்க்கிற உன்னையும் சேர்த்துப் பதினொரு பேர். மூன்று பேர் திண்டிவனத்துக்காரிகள். ஏழு பேர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்து, மண்டிக்குப் பின்னால் நான் கட்டிவிட்ட லைன் வீடுகளில் இருக்கிறவர்கள். மரக்காணத்துப் பக்கம் ஒருத்தி, செஞ்சிக்கு அந்தாண்டை இரண்டு பேர், இன்னும் தூரத்திலிருந்து சிலர். நீ என் வீட்டு மாடியில் இருந்தாய். மாமா இறந்த பிறகு புகுந்த வீட்டிலிருந்து உன்னைத் துரத்திவிட்டார்கள் என்றாலும், உன் பெயர் மேல்மலையனூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலிலேயே இருந்தது. ஓட்டுச்சாவடிக்கு எதிர்வீடு உன் கொழுந்தன் வீடு.

மறுநாள் காலையில் பதினொரு விரலும் நீண்டன. எல்லாவற்றிலும் மை. போட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "மண்டின்னா இப்டி இருக்கணும்" என்று ஒரே பாராட்டு. செல்வி மட்டும் வலது கை விரலைக் காட்டினாள். ஏன் என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எடது வெரல்ல முள்ளு குத்திக்கினு கட்டு போட்டிருந்தாடா. நீ இன்னா போலீஸா?" நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு கைப்பிடி காயில் எத்தனை சொத்தை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுகிறவன் நான்.

இப்போது மறுபடியும் பட்டியல் திருத்துகிறார்கள். போன வாரம் அந்த வேலையாக அங்கன்வாடி டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"சார், ஒங்க லைன் வீட்ல ஒருத்தர் பேருகூட லிஸ்ட்ல இல்லியே. வருஷக்கணக்கா இங்கதானே இருக்காங்க?"

"சொந்த ஊருக்குப் போய்ப் போட்டுட்டு வந்துடுவாங்க டீச்சர். போன தடவ எல்லார் வெரலையும் நானே பாத்தேன்."

சலித்துக்கொண்டிருந்த அஞ்சலையின் கை நின்றுவிட்டது. டீச்சர் போகும் வரை காத்திருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, தனமக்கா இல்லாத எடத்துல பொய்ய வெச்சிக்கினு இருக்க முடியல. எங்க போனோம் ஊருக்கு? ஓட்டுக்கு மொத நாளு பொழுது சாஞ்சப்பறம்தான் வேல உட்டீங்க. பஸ்ஸுல தொங்கறதுக்குக்கூட எடமில்ல. கொழந்தய வெச்சிக்கினு ரெண்டு பஸ்ஸு மாறி நாங்க எப்டி போறது?"

"அப்போ மை?"

"நம்ம மூட்டைக்கு மார்க்கு போடற மைதான்."

அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விரலைக் காட்ட வேண்டிய அன்றைக்கு விடிந்ததும் நீ அவர்களைக் குடோனுக்குக் கூப்பிட்டாயாம். சாக்கில் கடைப்பெயர் போடுகிற மையைத் தொட்டு, ஈர்க்குச்சியால் ஒவ்வொருத்திக்கும் கோடு இழுத்தாயாம். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருந்தா எந்தம்பி கண்டுபுடிச்சிடுவான்டி. ஒருத்திக்குக் கோணலா வெக்கறேன், ஒருத்திக்கு நகத்து மேல வெக்கறேன்" என்றாயாம். "கட்சிக்காரன் மாதிரி ஊட்டுக்கு ஒரு மூக்குத்தியும் சேத்து குடுக்கா" என்று ஒருத்தி கேட்டதற்கு, "மொதல்ல கைய நீட்டுடி, மூக்கு அப்புறம்" என்றாயாம். செல்வி தூக்கக் கலக்கத்தில் வலது கையை நீட்டியிருக்கிறாள். நீ கவனிக்காமல் வைத்துவிட்டாய். துடைத்தால் போகிற மையா அது?

"கடசியா தன் வெரல்ல தானே வெச்சிக்கினு, ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்துச்சுண்ணா" என்றாள் அஞ்சலை. "கொழுந்தன் மூஞ்சியில முழிக்கறதுக்கு இது மேல்னு சொல்லுச்சு."

அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி வந்திருந்தது, போய் லோடைப் பார்த்தேன்.

சங்கத்து ஆட்கள் படிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது அக்கா. நீ என்னிடம் மூன்று முறை கேட்டாய். "ஏழுமல, கரண்டு பில்லு ஒண்ணு குடுத்து, இங்கதான் இருக்குதுன்னு ஒரு கையெழுத்து போடுடா. எம்பேரு இங்க வந்துடுமாம். எங்கூட அந்த ஏழு பொண்ணுங்களுக்கும் போட்டுடு." மூன்று முறையும் பார்க்கலாம் என்றேன். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு எந்தக் காகிதமும் கொடுத்துவிடாதே, நாளைக்குக் கிளப்ப முடியாது என்று பத்திரம் எழுதுகிற ஒருவர் என் காதில் போட்டு வைத்திருந்தார். அவர்களுக்குக் கொடுக்காததற்கு அது காரணம். உனக்கு? அந்த வீடு என் உழைப்பில் நான் கட்டியது, அதில் வேறு யார் பெயரும் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது என்று நினைத்தேன். கூடப்பிறந்தவளைப் பற்றித்தான் அப்படி நினைத்தேன். இது உனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் நான்காவது முறை கேட்காமல் விட்டாயா?

ஓட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மேடையில் பேசியவனும் நான். பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு ஓட்டு இல்லாமல் செய்தவனும் நான். எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கட்டாயம் என்று ஒன்று வந்தால் அது முதலில் என் மாதிரி ஆள் மேல் வரட்டும். வீட்டை வாடகைக்கு விட்டவன் முகவரிக் காகிதம் கொடுத்தே தீர வேண்டும். வேலைக்கு வைத்திருக்கிறவன், பஸ் பிடித்து ஊருக்குப் போய்த் திரும்புகிற அளவுக்குக் கூலியோடு லீவு விட வேண்டும். சர்க்காரும் பிழைக்க வந்த ஊரிலேயே ஓட்டுப் போட ஒரு வழி செய்ய வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒருத்தி போகவில்லை என்றால், அப்புறம் அபராதத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஏழு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அஞ்சலை காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதுல வாடக ஏத்தறேன்னு எங்கனா எழுதிக் கீதாண்ணா?" என்று கேட்டாள். நம்புவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? டீச்சரையே படித்துக் காட்டச் சொன்னேன்.

வண்டி வைத்து ஊருக்கு அனுப்பலாமா என்றும் யோசித்தேன். எந்தக் கட்சி வண்டி என்று கேட்பார்கள், பேஜாரு. பேரே இங்கே வந்துவிட்டால் வண்டி எதற்கு?

நேற்று உன் கிராமத்தில் அந்த ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பட்டியலில் நீ இன்னும் இருக்கிறாய். கல்யாணமான புதிதில் எடுத்த படம் போலிருக்கிறது, பெரிய பொட்டோடு. பெயரை எடுக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். உன் கொழுந்தன் எதிர்வீட்டிலிருந்து எழுந்து வந்து, "நான் போட்டுடறேன் குடுப்பா" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் தம்பி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மூன்று முறை கேட்டும் போடாதவன், உனக்காகப் போட்ட முதல் கையெழுத்து அக்கா அது. உன் பெயரை எடுப்பதற்கு. அப்போதும் கண் கலங்கவில்லை. எழுத்து மட்டும் கோணலாக வந்தது. படிவம் கொடுத்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, வேறு படிவம் வேண்டுமா என்று கேட்டார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தேர்தல் வருகிறபோது வரத்து எவ்வளவு குவிந்தாலும் மண்டி மூடியிருக்கும். பேர் இங்கே வராதவள் யாராவது இருந்தால் முதல் நாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்புவாள். மறுநாள் எல்லோரும் வேலைக்கு வருவார்கள். நான் ஒருத்தியின் கையையும் பார்க்கமாட்டேன்.

கையெழுத்துக்கு உன்னைக் காக்க வைத்த தம்பி,
ஏழுமலை